ஆடும் லிவரும் அவசர வைத்தியமும்

ஜவ்வாது மலை அடிவாரத்திலும் பேரணாம்பட்டுக் காட்டோரத்திலும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகள் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. புளி, சாமை, பலா, மாங்காய் ஆகியவை மலையிலிருந்து இறங்குவதும், உர மூட்டையும் விதையும் அரிசியும் மலைக்கு ஏறுவதும் பல இடங்களில் இவற்றால்தான் நடக்கின்றன. இவ்வண்டிகளில் ஏறி உட்கார்ந்தவுடன் காதில் விழுவது ஒரே ஓசைதான்: ஓட்டுநரின் காலருகே இருக்கும் இரண்டு குட்டை லிவர்கள் "கடகட"வென்று ஆடும் ஓசை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி எல்லோரும் பழகிவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் நல்லதன்று. அந்த ஓசை வண்டியின் வயதைச் சொல்லவில்லை. கவனிப்பின் குறைவைச் சொல்கிறது. பெரும்பாலும் ஒரு பின், ஒரு புஷ், ஒரு ஸ்பிரிங் ஆகிய மூன்று சிறு பொருள்களோடு தீரக்கூடிய குறை அது. தீர்க்காமல் விட்டால் பற்சக்கரம் வரை போகும். மலைச்சரிவில் ஆளையும் கவிழ்க்கும்.

மலைக்கு ஏன் இந்த வண்டி?

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப், நாடு விடுதலை பெற்ற காலத்தில் மகீந்திரா நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் பொருத்தப்பட்டு, பிறகு இங்கேயே தயாராயிற்று. என்ஜின் பின்னாளில் டீசலுக்கு மாறினாலும், கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டியை வைத்து நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்து கொடுக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. அந்த இரண்டாவது பெட்டியைத்தான் பட்டறைக்காரர்கள் டிரான்ஸ்பர் பெட்டி என்கிறார்கள்.

சமவெளிச் சாலையில் ஓடுபவருக்கு இது வேண்டாத சுமை. மலைக்காரருக்கு அப்படியன்று. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைப்பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாத தூரத்தைத் தாய் தன் பிள்ளையின் உடலைச் சுமந்தபடி நடந்தே கடந்தார். அந்தச் செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. பாதை கரடுமுரடான இடத்தில் ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா இல்லையா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவசர வேளையில் லிவர் விழாமல் நின்றுவிட்டால் அந்த வண்டி இருந்தும் பயனில்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இரண்டு லிவர்களில் ஒன்று முன் அச்சை இணைக்கவும் விலக்கவும் பயன்படுகிறது. மற்றொன்று வேக கியர், நடுநிலை, மெதுகியர் என்று மூன்று நிலைகளுக்கு நகர்கிறது. மெதுகியரில் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும். அதே அளவுக்கு இழுவை கூடும்.

இரு லிவர்களும் பெட்டியின் மேல் ஒரே குறுக்குப் பின்னில் கோத்து நிற்கின்றன. ஏற்றச்சால் ஓரத்தில் சிறுவர் ஆடும் ஏற்றப்பலகை போலத்தான் இதன் வேலை: மேல்முனையைப் பின்னால் இழுத்தால் கீழ்முனை முன்னால் போகும். கீழ்முனை, பெட்டிக்குள் நீளவாட்டில் நகரும் ஓர் எஃகுத் தண்டின் காடியில் பொருந்தியிருக்கும். தண்டோடு கவை நகரும். கவையோடு பற்சக்கரம் நகரும். தண்டு நின்ற இடத்தில் நிலைக்க, அதன் பள்ளத்தில் ஸ்பிரிங் அழுத்தும் சிறு குண்டு ஒன்று விழுகிறது. லிவரைத் தள்ளும்போது "டக்" என்று கையில் தெரிவது அந்தக் குண்டு விழும் உணர்வே. இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு பூட்டுத் துண்டும் உண்டு. முன் அச்சு இணையாமல் மெதுகியர் விழாதபடி அது தடுக்கிறது. இல்லாவிட்டால் கூடிய இழுவை முழுவதும் பின் அச்சின் தலையில் விழும்.

இனி ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று எளிதில் அறியலாம். கிரீஸ் இல்லாமல் பின்னும் லிவரின் துளையும் தேய்ந்து, துளை நீள்வட்டமாகிப் போவது முதல் காரணம். கீழ்முனை தேய்ந்து காடிக்குள் லொடலொடப்பது இரண்டாவது. லிவரை ஒருபக்கம் இழுத்துப் பிடித்து அதிராமல் வைக்கும் ஸ்பிரிங் அறுந்தோ தளர்ந்தோ போவது மூன்றாவது. பின்னைப் பிடித்திருக்கும் பூட்டுத் திருகு தளர்வது நான்காவது. பல வண்டிகளில் இந்த நான்கும் சேர்ந்தே இருக்கும்.

ஓசையைப் பொறுக்கலாம், சரிவைப் பொறுக்க முடியாது

"ஓசை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கியர் விழுகிறதே" என்று கேட்பவர் உண்டு. கியர் விழுவது வேறு, முழுவதும் விழுவது வேறு. லிவரில் ஆட்டம் இருந்தால் மேல்முனை தன் முழு தூரம் நகர்ந்தாலும், கீழ்முனை தண்டை முழு தூரம் நகர்த்தாது. பற்கள் பாதி அகலத்துக்கே கோக்கும். பாதிப் பல்லில் முழுச் சுமை ஏறினால் பல்லின் ஓரம் சாய்வாகத் தேயும். சாய்ந்த பல், சுமை மாறும்போதெல்லாம் தானே விலகப் பார்க்கும். அப்படித்தான் கியர் தெறிக்கிறது.

மெதுகியரில் வண்டி சரிவில் இறங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. என்ஜினின் இழுப்பும் சேர்ந்தே பிடிக்கிறது. லிவர் தெறித்து நடுநிலைக்கு வந்துவிட்டால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து போகிறது. முதல் கியரில் இருந்தாலும் வண்டி அவிழ்த்துவிட்ட கட்டை வண்டியாக உருளும். சூடேறிய பழைய பிரேக்கின் மேல் முழுச் சுமையும் விழும். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டுகிறவரே எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படித் தெறித்துவிட்டால் லிவரை மீண்டும் குத்தித் தள்ள முயலக் கூடாது. சுற்றும் பற்கள் ஒன்றோடொன்று மோதி உடையும். ஓட்டுநரின் கவனமும் சாலையை விட்டு விலகும். கால்பிரேக்கை நிதானமாக அழுத்தி, மலைப்பக்கமாக ஒதுக்கி, வண்டி நின்ற பிறகே கியரை மாற்ற வேண்டும்.

வண்டியை நிறுத்தும்போதும் இதை மறக்கலாகாது. டிரான்ஸ்பர் லிவர் நடுநிலையில் இருந்தால், "கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன்" என்பதற்குப் பொருளே இல்லை. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லோ மரக்கட்டையோ அண்டை கொடுத்தே தீர வேண்டும்.

தோல் துண்டு வைத்தியம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வட்டாரத்தில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. லிவர் ஆடுகிறதா, பின்னுக்கும் துளைக்கும் நடுவே ஒரு துண்டைச் செருகினால் போதும் என்று யோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். செருகிய அன்றே ஓசை நின்றுவிடும். அதனால்தான் இந்த வைத்தியத்துக்கு இவ்வளவு மதிப்பு.

தோல் மட்டமான பொருள் அன்று. இந்தியா மார்க் 2 கைப்பம்பில் பல ஆண்டுகள் தண்ணீரைத் தூக்கியது தோல் வாஷரே. நைட்ரைல் ரப்பர் பின்னால் வந்தது. பழங்கால எந்திரங்களில் எண்ணெய் கசியாமல் அடைத்ததும் தோல்தான். அங்கெல்லாம் தோலின் வேலை அடைப்பது. சுமையைத் தாங்கித் திரும்பும் மூட்டில் அதற்கு வேலையில்லை. பின்னுக்கும் லிவருக்கும் நடுவே அகப்பட்ட தோல் அழுந்தி மெலியும், மழைநீரில் ஊறும், காய்ந்து விறைக்கும். பாதைப் புழுதியும் பாலாற்று மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது உப்புத்தாள் போல் பின்னை அராவத் தொடங்கும். ஓசை நின்ற இடத்தில் தேய்மானம் இரட்டிப்பாகும். காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுவிட்டு, காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் விடுவது போன்றது இது.

ஆனால் இந்த வட்டாரத்துத் தோலுக்கு இதே லிவரில் சரியான இடம் ஒன்று உண்டு. லிவர்கள் தரைத்தகட்டின் துளை வழியே மேலே வருகின்றன. அங்கே இருந்த ரப்பர் உறை பல வண்டிகளில் கிழிந்து காணாமல் போயிருக்கும். அந்தத் துளை வழியேதான் புழுதியும் சேறும் ஓட்டுநரின் கால் ஈரமும் பின்னின் மேல் இறங்குகின்றன. தடித்த மெல்லிய தோல் என்று வேறுபாடு அறிந்த தொழிலாளியிடம் கொடுத்து, மடிந்து கொடுக்கும் தோலில் ஒரு கூம்பு உறை தைத்து, மேலே லிவரைச் சுற்றிக் கட்டி, கீழே தகட்டோடு நான்கு திருகால் இறுக்கினால் பல ஆண்டு உழைக்கும். செருப்பும் ஷூவும் தைக்கும் கைகளுக்கு இது அரைமணி நேர வேலை. மூட்டுக்குள் தோல் வைப்பது தவறு. மூட்டுக்கு மேல் தோல் போர்த்துவது நல்லது.

குறையைக் கண்டறியும் முறை

பட்டறைக்குப் போகுமுன் உழவரே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஆடும் லிவரை இரண்டு விரலால் மெல்லப் பிடிக்கட்டும். ஓசை நின்றால் குறை லிவரிலேதான். நிற்காவிட்டால் பெட்டியைத் தாங்கும் ரப்பர் கட்டை அமுங்கியிருக்கலாம். புரொபெல்லர் தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். லிவரைக் கழற்றிப் பயனில்லை.

அடுத்து, சமதரையில் என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு லிவரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் பின்னும் துளையும் தேய்ந்துள்ளன. முன்னும் பின்னும் வெகுதூரம் ஆடிய பிறகே தண்டு நகர்கிறது என்றால் கீழ்முனையும் தேய்ந்துள்ளது. "டக்" என்ற உணர்வே இல்லாமல் லிவர் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே குண்டின் ஸ்பிரிங் தளர்ந்துள்ளது. கடைசியாகச் சொன்னதே ஆபத்தான குறை. அதைச் சரி செய்யும் வரை மலையில் வண்டியை இறக்குவது தகாது.

சீர் செய்யும் முறை

முதலில் தரைத்தகட்டைக் கழற்றி, பல ஆண்டுச் சேற்றையும் எண்ணெய்க் கசடையும் சுரண்டித் துடைக்க வேண்டும். அழுக்கோடு திறந்தால் அழுக்கு பெட்டிக்குள் விழும். லிவர்களில் எது எந்தப் பக்கம் என்று சாக்குக்கட்டியால் அடையாளம் இடுவது நன்று. ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதையும் குறித்துக் கொள்ளலாம். பிறகு பூட்டுத் திருகை எடுத்துவிட்டு, மரத்துண்டோ பித்தளைக் கம்பியோ வைத்துப் பின்னை மெல்லத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். சுத்தியால் நேரே அடித்தால் பின்னின் தலை விரிந்து, வரும் வழியெல்லாம் துளையைக் கெடுக்கும்.

எடுத்த பின்னைத் துடைத்து நகத்தால் வருடினாலே தேய்ந்த படி தெரியும். படி தெரிந்தால் பின் புதிதாக வேண்டும். பின்னை மட்டும் மாற்றி, நீள்வட்டமான துளையை அப்படியே விடுவது வீண் செலவு. லிவரைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையை வட்டமாகக் குடைந்து, வெண்கலப் புஷ் இறக்க வேண்டும். புதிய பின் அந்தப் புஷ்ஷில் கைவிரலால் தள்ளினால் ஏற வேண்டும். ஏறிய பின் ஆடக் கூடாது. கிரீஸ் வரும் துளை புஷ்ஷால் அடைபடாதபடி புஷ்ஷிலும் துளையிட வேண்டும். இதை மறப்பவர்கள் பலர். மறந்தால் அடுத்த ஆண்டே பழைய கதைதான்.

கீழ்முனை தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் ஊட்டி, அரத்தால் ராவி, காடியில் தடையின்றி நகரும் அளவுக்குக் கொண்டுவரலாம். லிவரை வண்டியிலிருந்து கழற்றிய பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். வண்டியிலேயே வைத்தால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். எண்ணெய்க் கசட்டில் தீப்பற்றவும் கூடும். வளைந்த லிவரையும் வெளியே வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும்.

தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது பட்டறைகளில் காணும் கெட்ட வழக்கம். நீட்டிய ஸ்பிரிங் சில நாளில் மீண்டும் அமுங்கிவிடும். இரண்டு தண்டின் குண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிட்டு, குட்டையானதை மாற்றுவதே முறை. நடுவில் உள்ள பூட்டுத் துண்டு தொலையாமல் திரும்பப் போடப்பட்டதா என்று வண்டிக்காரர் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

பூட்டும்போது ஒரு சிறு சோதனை பயன்தரும். தரைத்தகடு போடுமுன் லிவரை ஒவ்வொரு நிலைக்கும் முழுவதும் தள்ளி, அது நிற்கும் இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். தகட்டைப் போட்ட பிறகும் லிவர் அதே இடம் வரை வருகிறதா என்று பாருங்கள். தகட்டின் விளிம்பு தடுத்தால் கியர் பாதிதான் விழும். விளிம்பை ராவி வழிவிட வேண்டும். பிறகு அறுவடை முடிந்த சமநிலத்தில் ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஓட்டும் பழக்கமும் ஒரு காரணம்

பாதித் தேய்மானம் கையால் வருகிறது. இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வேறுபாட்டை ஏற்கும் அமைப்பு இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தோடு ஓட்டினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக் கொள்ளும். அப்போது லிவர் வராது. ஓட்டுநர் காலால் உதைப்பார். சிலர் கல்லால் தட்டுவார்கள். சேறு, மணல், செங்குத்து ஏற்றம் ஆகிய இடங்களில் மட்டுமே முன் அச்சை இணைக்க வேண்டும். லிவர் இறுகிக்கொண்டால் வண்டியைச் சிறிது பின்னுக்கு ஓட்டினால் முறுக்கு விடுபட்டுத் தானே வந்துவிடும். மெதுகியரை வண்டி நின்ற நிலையிலேயே போட வேண்டும். கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் எண்ணெய் அளவுத் துளை தனித்தனி. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடக் கூடாது.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் இந்த இரு லிவர்களைப் பிடித்துப் பார்க்கட்டும். பொய்கைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. வண்டிக்கும் அதே விதிதான். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குத் தகுதிச் சான்று பெற்றுத்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும் என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

புதிதுக்கு மானியம், பழையதற்கு என்ன?

வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் புதிய கருவி வாங்கச் சிறு, குறு உழவருக்கும் பெண்களுக்கும் 50 விழுக்காடு வரையும் மற்றவர்க்கு 40 விழுக்காடு வரையும் மானியம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் வாங்கிய கருவி ஐந்தாம் ஆண்டில் ஆடத் தொடங்கும்போது உழவருக்குத் துணை யார்? அரை ஏக்கர் இலவம்பாடிக் கத்தரியும் இரண்டு ஏக்கர் நிலக்கடலையும் வைத்திருப்பவர் புதியது வாங்கிக் கொண்டே இருக்க முடியாது. அவருக்கு மானியத்தைவிடப் பழுது பார்க்கும் அறிவே நெடுநாள் உதவும்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பயிர்ப் பாதுகாப்புக்குப் பயிற்சி நடப்பது போல, பின், புஷ், ஸ்பிரிங், கிரீஸ் பற்றி ஒரு நாள் பயிற்சியும் நடக்க வேண்டும். அதை வகுப்பறையில் நடத்தாமல் மலையடிவாரத்தில், ஓடுகிற வண்டியைக் கழற்றிக் காட்டி நடத்த வேண்டும். டிராக்டரின் கியர் லிவருக்கும் பவர் டில்லரின் கைப்பிடி இணைப்புகளுக்கும் இதே பாடம் பொருந்தும். தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வரும் உழவர் வீட்டு இளைஞர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. அந்தத் திறனில் ஒரு பங்கு சொந்தக் கருவியின் பக்கம் திரும்பினால் ஊருக்கே நன்மை.

அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆடி மாதம் ஏரைப் பார்ப்பது போல, மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் வண்டியின் தரைத்தகட்டைக் கழற்றுங்கள். லிவரை அசைத்துப் பாருங்கள். நிப்பிளில் கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஓசை அடங்கிய வண்டி மலையிறங்கும்போது, அதில் உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சும் அடங்கியிருக்கும்.